அட்டை எண் ஏழு

பயிற்சி, விளையாட்டுச் சாமான் அறையில்.
காற்றுப்போன பந்துகள்
வலையில் தொங்கிக்கொண்டிருந்தன.
வல்பரைசோவில் ஆகஸ்ட் குளிர்.
ஜன்னலைத் துடைத்தால் துறைமுகம் தெரியும்,
துடைக்காவிட்டால் வெறும் மூட்டம்.

பதினோரு பேர் இருந்தோம்.
நல்ல பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்தார்களா என்றால்
அதெல்லாம் இல்லை.
பாதிப் பேர் சண்டைக்குப் பேர்போனவர்கள்.
இதே அறையின் கதவைப்
போன வருஷம் உதைத்துப் பெயர்த்தவள்
நான்.

முதல் நாள்:
'ஏன்' என்று கேட்காதே,
அது விரலை நீட்டிக்கொண்டே வரும் சொல்.
'என்ன நடந்தது' என்று கேள்.
இரண்டாம் நாள்:
ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்,
உப்புப் போடாமல்.
மூன்றாம் நாள் சும்மா இருக்கப் பழகினோம்.
அவர்கள் பேச்சு நின்றபின்
மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும்.
நான் இரண்டிலேயே வாயைத் திறந்துவிடுவேன்.
"மில்லராய், மறுபடி" என்றார்கள்.
மறுபடியும் இரண்டு.

நான்காம் நாள் ஆளுக்கொரு அட்டை.
எனக்கு ஏழு:
*மாணவர் இரண்டு, மாணவர் ஒன்றின் கால்குலேட்டரை
இரவல் வாங்கி உடைத்துவிட்டார்.
மாணவர் ஒன்று அவரைத் திருடன் என்கிறார்.
நடிக்கவும். பத்து நிமிடம்.*

ஒன்று, லௌதாரோ.
இரண்டு, யோர்மன்;
மரகாய்போவிலிருந்து வந்து மூன்று வருஷம்.

"ஐயோ என் கால்குலேட்டர்!" என்று
லௌதாரோ நெஞ்சில் அடித்துக்கொள்ள
அறையே சிரித்தது.
யோர்மனும்தான்.
"நாலு பட்டன் வேலை செய்யாத கால்குலேட்டர்,
அதுக்கா இந்த அழுகை?"

நான்காவது நிமிடமோ ஐந்தாவதோ.
"உன்னை எங்கள் வீட்டுக்குள் விட்டேன்" என்றான் லௌதாரோ.

அட்டையைப் பார்த்தேன்.
அதில் வீடு இல்லை.

"நீதான் வருவதை நிறுத்தினாய்" என்றான்.
யோர்மன் மேஜையைப் பார்த்துப் பேசினான்:
"மேடேறும் பஸ்ஸில்
அம்மா மடியில் சோளமாவுப் பை.
உன் அண்ணன் அவளிடம் சொன்னான்,
ஊரைப் பார்த்துப் போகச் சொல்லி.
நீ பக்கத்தில் இருந்தாய்.
இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாய்.
அதன் மறுமுனை
எதிலும் செருகியிருக்கவில்லை."

என் போன் அடித்தது. பத்து நிமிடம் முடிந்தது.
கவிழ்த்து வைத்தேன்.

சிரித்தவர்கள் பந்து வலையைப் பார்த்தார்கள்.
நான் திருப்பிச் சொன்னேன்:
"அண்ணன் பேசியதைவிட
இவன் காதை மூடியது உனக்கு வலித்தது."
"அவன் பேசியதும் வலித்தது" என்றான் யோர்மன்.
உப்புப் போட்டுவிட்டேன்.
"சரி. இரண்டும்" என்றேன்.

பிறகு எண்ணினேன்.
ஐந்து தாண்டியது.
பன்னிரண்டில் கீழே ஏதோ கப்பல் ஊதியது.
பத்தொன்பதில் லௌதாரோ சொன்னான்:

"கால்குலேட்டரை
நான்தான் உடைத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி:
*உடன்பாடு ஏற்பட்டதா? ஆம் / இல்லை.*
அதை அப்படியே விட்டேன்.
அவர்கள் கைகுலுக்கவில்லை.
யோர்மன் முதலில் படியிறங்கினான்.
லௌதாரோ குனிந்து
கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து
மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாரும் போனபின் பூட்ட நின்றேன்.
புதுக் கீல் போட்டும்
இந்தக் கதவு நேராகச் சாத்துவதில்லை.
லேசாகத் தூக்கிப் பிடித்துத்
தள்ள வேண்டும்.