கடைவாய்ப்பல்

திபிலீசி. மர்ஜானிஷ்விலி மெட்ரோ வாசல்.
மழைக்கு முந்தைய வெளிச்சம்.
கன்னத்தில் கைவைத்து நின்றாள்,
மறு கையில் ஒரு கட்டு கொத்தமல்லி.
கேட்கவில்லை. கேட்டால் முகம் மாறிவிடும்
என்றொரு சாக்கு எங்களுக்குள் உண்டு.

அச்சிட்டு, சட்டம் போட்டு, கீழே எழுதினேன்:
"போருக்குப் பின், ஒரு தாய்."

கண்காட்சியின் நான்காம் நாள் வந்தாள்.
படத்தில் சாம்பலாகிப்போன
அதே பச்சைக் கோட்டு. பெயர் லமாரா.
தன்னையே சற்று நேரம் பார்த்தாள்,
பேருந்தில் எதிர் இருக்கைக்காரியைப் பார்ப்பதுபோல.

"அன்றைக்குப் பல் பிடுங்கினார்கள்.
பாதி முகம் மரத்துக் கிடந்தது.
எனக்குப் பிள்ளைகள் இல்லை.
நீங்கள் பெற்றுக்கொடுத்த பிள்ளையை
எந்தப் போரில் கொன்றீர்கள்?"

என்ன விலைக்குப் போனது என்று கேட்டாள்.
சொன்னேன்.
பல்லுக்கு ஆன செலவை அவள் சொன்னாள்.
என்னுடையது மூன்று மடங்கு.

கழற்றிவிடவா என்றேன்.
"கொத்தமல்லி நன்றாக விழுந்திருக்கிறது."
சரியென்றும் இல்லை, வேண்டாமென்றும் இல்லை.

அவள் போனதும் எழுத்தைக் கிழித்தேன்.
சுவரில் பசைத்தடம் மட்டும்.

மறுநாள் ஒருவர்
அதன்முன் தொப்பியைக் கழற்றி
குரல் தாழ்த்திக் கேட்டார்:
"யார் இறந்தது?"