கால் மார்க்

போன டிசம்பரில் அறுபத்தொன்றே கால்.
அறுபத்திரண்டு எடுத்தவளுக்கு இடம் கிடைத்தது.
தப்புக்குக் கால் கழிப்பார்கள்.
முக்கால் என்றால் மூன்று தப்பு.
தெரியாததைத் தொடாதே என்று
சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.
தொடுகிறேன்.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
தங்கச்சிமடத்தில் டோக்கன் கிடையாது,
வாடைக்காற்றுக்குக் கரண்டும் கிடையாது.
போனில் நாற்பத்தொரு சதவீதம்,
இரண்டு மணி நேரம்.
ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
பதினாலாவது மாதிரித் தேர்வு.

எழுபத்து மூன்றாம் கேள்வி:
ஒரு மீனவர் எல்லை தாண்டுகிறார்.
காற்று தள்ளியதா, அவரே போனாரா
என்பது பொருட்டல்ல என்கிறது விதி.
மேலே தந்த விதியை மட்டும் கொண்டு
விடையளிக்கவும்.

போன வருஷம் இப்படி ஒன்றுக்கு
எனக்குத் தெரிந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போனேன்.
சகாய ரெக்ஸ் அண்ணனின் விசைப்படகு,
நடுராத்திரி நின்ற எஞ்சின்,
இழுத்துக்கொண்டே போன நீவாடு,
மன்னாரில் வாய்தா, மறுபடி வாய்தா,
அந்தக் கரையில் வெயிலில் பிளந்துகிடக்கும்
எங்கள் பலகைகள்.
நாலு நிமிஷம் போனது.
விடை தப்பு.

இன்றைக்கு நாற்பது நொடி.
ஆ) அவர் குற்றவாளி.
சரிதான், திருத்தாமலே தெரிகிறது.

உள்ளே அண்ணன் இருமுகிறான்,
தண்ணீர் மொள்ளும் சத்தம்,
இந்தப் பக்கம் வருகிறான் போல.
போனைச் சட்டென்று கவிழ்த்து வைக்கிறேன்.
அவனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.
இருந்தும்.

பெட்டிமேல் குப்புறக் கிடந்தபடி
நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.
இன்னும் நாற்பத்தேழு கேள்வி.