அரைப்புள்ளி

கண்டனூர் நகரச் சிவன் கோவில் அலுவலகத்தில்
மின்விசிறி மூன்றில் நிற்கிறது, அதற்குமேல் ஏறாது.
"வாங்க ஆச்சி" என்கிறார் கணக்கர் அடைக்கப்பன்.
எனக்கு நாற்பத்தொன்று. கோத்தன்பர்க்கில்
எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்,
பல் மருத்துவர், பனி தள்ளுகிறவர்,
என்னை வேலையிலிருந்து நீக்கிய மேலாளர்கூட.

புள்ளிவரி கட்ட வந்தேன் என்றேன்.
கட்டைவிரலில் எச்சில் தொட்டுப் பேரேட்டைத் திருப்பினார்.

கணவன் மனைவி சேர்ந்தால் ஒரு புள்ளி.
ஒருவர் போய்ச் சேர்ந்தால்
மிஞ்சுகிறவர் அரைப்புள்ளி.
பள்ளிக்கூடத்திலும் ஓர் அரைப்புள்ளி படித்தேன்,
வாக்கியம் முடிந்தது போலிருக்கும், முடிந்திருக்காது.
தேர்வில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இரண்டு மதிப்பெண் போனது.

"பொறந்த வீட்டுப் புள்ளியில நீங்க இல்ல,
திருப்பூட்டுனதோட போயிருச்சு ஆச்சி.
அவுக ஊர்ல கேட்டீகளா?"

கேட்டேன். கொத்தமங்கலத்தில்
அவருடைய புள்ளி முழுசாக இருக்கிறது.
போன வைகாசியில் வேறொருத்தியால் நிரப்பிக்கொண்டார்.
அவர் செத்திருந்தால்
எனக்குப் பாதியாவது தேறியிருக்கும்.

விவாகரத்துக்கு அங்கே ஒரு படிவம்,
இரண்டு கையெழுத்து, ஒரு கட்டணம்.
யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.
அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்,
வேறு யாருக்கோ பிறந்த நாள். நானும் தின்றேன்.
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்.
ஏரியைச் சுற்றி நடந்தேன், இரண்டு சுற்று,
எங்கே போகிறாய் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.
அந்த ஒன்றுக்காகவே அந்த நாட்டின்மேல்
எனக்கு ஆசை வந்தது.

அந்த ஒன்றேதான், பிப்ரவரியில்,
காய்ச்சலோடு ஆறு நாள் கிடந்தபோது
என் கதவுக்கு வெளியே நின்றது.
துளை வழியாக விளம்பரத் தாள் விழுந்த சத்தத்துக்கு
யாரோ வந்துவிட்டார்கள் என்று
தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

இங்கே என்றால் பதினாறு பேர் வருவார்கள்.
கஞ்சியை ஊட்டிக்கொண்டே கேட்பார்கள்,
ஏன் இப்படித் தனியாக.
பதினாறு பேரும் கேட்பார்கள்.
கஞ்சி நன்றாகத்தான் இருக்கும்.

குடியுரிமை ஒரு சாதாரண உறையில் வந்தது.
குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள்
படித்து, மடித்து,
மின்கட்டண ரசீதுகளோடு சேர்த்து வைத்தேன்.
பெருமையாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லாததுதான் இன்னும் உறுத்துகிறது.

"என் மகளும் டெக்சாஸ்லதான்" என்று ஆரம்பித்த அடைக்கப்பன்
"அதுவும்..." என்று நிறுத்திவிட்டு
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.
பிறகு மேசை இழுப்பறையைத் துழாவி
ஒரு பென்சிலை எடுத்து,
சிவப்புக் கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
என் பெயரை எழுதினார்.
"பேனாவுல எழுத எனக்கு அதிகாரமில்ல ஆச்சி.
கட்டணும்னா கட்டுங்க. நன்கொடைன்னு போட்டுக்கிறேன்."

ஸ்கேன் செய்யச் சொல்லி அட்டையைத் திருப்பினார்.
அதில் ஆயிரம் கறுப்புப் புள்ளிகள்.
என் வங்கிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.
ரொக்கமாகக் கொடுத்தேன்.
சில்லறைக்கு அவர் பக்கத்துக் கடைக்குப் போனபோது
பேரேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
ரப்பரும் அங்கேயேதான் கிடந்தது.
ஒரு கணம் அதைக் கையில் எடுத்தேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

வெளியே ஊருணிப் படியில் வெயில்.
செல்போன் அதிர்ந்தது.
யாரோ தேடுகிறார்கள் என்று அவசரமாக எடுத்தால்
சலவை அறையின் நினைவூட்டல்:
வியாழன், ஏழு முதல் பத்து, இரண்டாம் இயந்திரம்.
கிளம்பும்போது ரத்து செய்ய மறந்துவிட்டேன்.
ஒரு விரலால் இப்போது செய்யலாம். செய்யவில்லை.
ஆள் வராவிட்டால் அரைமணி கழித்து
வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி.
அந்த அரைமணி நேரம்
அது காலியாக, கதவு திறந்தபடி,
என் பெயரில் நிற்கட்டும்.