ஐம்பத்தேழு பாகை

இரவு பதினொன்றரை.
திரையின் மூலையில் அந்த எண் சிவந்தது:
மூன்றாவது ஹார்ட் டிஸ்க், ஐம்பத்தேழு பாகை.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்
நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாம்.
இதற்குப் பக்கத் தகட்டைக் கழற்றவேண்டும்.

கட்டிலில் பழைய விரிப்பைப் போட்டு
பெட்டியைச் சரித்துக் கிடத்தினேன்.
இரண்டு ஸ்க்ரூ வரமாட்டோம் என்று அடம்பிடித்தன.
வெள்ளவத்தையில் எதற்கும் முதலில் துரு,
பிறகுதான் வயது.

உள்ளே
முன் விசிறிக்கு நேரெதிரே
நாலு டிஸ்க்கும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி,
காலை எட்டு மணியின் நூறாம் நம்பர் பஸ் மாதிரி.
விசிறி சுற்றாமல் இல்லை.
ஐந்து வருடமாக அது இழுத்த காற்று
நாலு இரும்புச் செங்கலில் முட்டி
அதன் முகத்துக்கே திரும்பியிருக்கிறது.
பின்னால் கிராஃபிக் கார்ட்
தன் முறை வருமென்று வெந்துகொண்டிருந்தது.

எந்த மணப்பெண்ணோ மறந்துவிட்டுப் போன
மேக்கப் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன்.
உதட்டில் கொஞ்சம் படிந்தது.
உப்பு.

மேலே சீடி போடும் அறை சும்மா கிடக்கிறது.
இப்போது யார் சீடியில் கலியாணம் கேட்கிறார்கள்?
அங்கே ஒன்று.
கூண்டில் இரண்டு, நடுவே இரண்டு விரல் இடைவெளி.
மிச்சம் ஒன்றுக்கு, பெட்டியின் அடியில்,
காற்று நுழைந்ததும் முதலில் தொடுகிற இடம்.
அதிராமல் இருக்க பாத்ரூம் செருப்பில் வெட்டிய
ரப்பர் நாலு துண்டு.

மேல் அறைக்கு வயர் எட்டவில்லை.
நாலு அங்குலம் குறை.

அடுத்த நாள் பம்பலப்பிட்டியில் நுஸ்கியின் கடை.
"அக்கா, எஸ்எஸ்டி ஒண்டு எடுங்களேன், சூடே வராது."
விலையைச் சொன்னான்.
நான் சிரித்தேன், அவனும் சிரித்தான்,
நீளமான சிவப்பு வயர் ஒன்றைச் சுருட்டித் தந்தான்.

அந்த மூன்றாவது டிஸ்க்கில் இருப்பது
யசோதினியின் கலியாணம்.
மூன்று கமெரா, ஒன்பது மணித்தியாலம்.
அல்பமும் எடுக்கவில்லை, மிச்சக் காசும் வரவில்லை.
மாப்பிள்ளையின் நம்பரில் இப்போது
யாரோ ஒருவர் சிங்களத்தில்
மிக மரியாதையாக, தவறான இலக்கம் என்கிறார்.
போன மாசி அவளே எடுத்தாள்.
"அழிச்சிடுங்கோ அக்கா" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சரி என்றேன்.

அன்று மண்டபத்தில் ஏசி பழுது.
முந்நூறு பேர் கலியாணக் கார்ட்டாலேயே
விசிறிக்கொண்டிருந்தார்கள்.
ஐயர் மந்திரத்துக்கு நடுவில் சோடா கேட்டார்.
இரண்டாவது கமெராவில்,
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து,
அவள் குனிந்து
அவன் கழுத்தில் மெல்ல ஊதுகிறாள்.
நாலு செக்கன்.
அவன் கண்ணை மூடுகிறான்.

எடிட் செய்தபோது அதை வெட்டியிருந்தேன்,
ஃபோகஸ் சரியில்லை என்று.

எங்கள் ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவே
போன வருடம் பதினொரு மாடி எழும்பிவிட்டது.
கோச்சி போகும் சத்தம் வருகிறது,
அதோடு வந்த காற்றுத்தான் வருவதில்லை.
அதைக் கழற்றி வேறு தட்டில் வைக்க
என்னிடம் ஸ்க்ரூ ட்ரைவர் இல்லை.

தகட்டை மூடி, சுவிட்சைப் போட்டு,
தேத்தண்ணி ஆறும்வரை எண்களைப் பார்த்திருந்தேன்.
நாற்பத்து நாலு. நாற்பத்து மூன்று. நாற்பத்தாறு.
அடியில் இருப்பது
முப்பத்தொன்பது.

அழிச்சாச்சா என்று அவள் திரும்பக் கேட்கவில்லை.
கேட்டால்,
இடம் மாத்தியாச்சு என்று சொல்லலாம்.