ஒன்று, இரண்டு, மூன்று

பள்ளத்தூர் வீடு, இரண்டாங்கட்டு.
சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளியாயிற்று.
ஃபோனில் அந்தப் பெண் சொல்கிறாள்:
பாதத்தைத் தூக்காமல்
தரையோடு தேய்த்து வழுக்குங்கள்.

"காலைத் தேய்ச்சு நடக்காதே, வெளங்காது"
என்று அடி வாங்கி வளர்ந்த கால் இது.
எங்கே கேட்கும்?

ஒன்று, இரண்டு…
சிவப்பு ஆத்தங்குடிக் கல்லில் அவர்
மஞ்சளில் நான்
மூன்றுக்கு
இருவரும் ஒரே கல்லில்.

மிதித்துவிட்டார், என் சுண்டுவிரலை.
சட்டென்று குனிந்து
தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்
கூட்டுறவு வங்கி மேலாளர் அடைக்கப்பன்.

வால்ட்ஸில் இதற்கு எண் கிடையாது.

நான் சிரித்து முடிப்பதற்குள்
பாட்டு முற்றம் தாண்டிப் போயிருந்தது.

சரி, முதலிலிருந்து.
நான் கொலுசைக் கழற்றினேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றி
மிக்ஸி மேல் வைத்துவிட்டு வந்தார்.