மூன்றாம் மாடிக்கு ஒரு காலுறை

உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரிப் புகை ஜன்னலுக்கு வெளியே
இன்னொரு சுவர் எழுப்பியிருக்கிறது.
பள்ளிக்கு எட்டு நாள் பூட்டு.
எனக்கும்தான்.
உறைகுளிரில் கான்கிரீட் இறுகாது;
என் கிரேன் அக்டோபரிலிருந்து
கையை நீட்டியபடி சும்மா நிற்கிறது.

"அப்பா, போரடிக்குது" என்றாள் மரல்.
மணி ஒன்பது இருபது.
"போரடிக்குது" என்றான் ஒச்சிர்,
அக்காவின் சொல் அவனுக்கும் அளவாக இருந்ததால்.

டிராலிபஸ் ஓட்டப் போகும் முன்
சொல்மோன் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன தாளில்
பதினான்கு யோசனைகள்.
காகிதக் கப்பல்:
இந்த நாட்டில் கடலே இல்லையே என்றாள் மரல்.
உப்புமாவில் பொம்மை:
குதிரையின் தலையை ஒச்சிர் தின்றுவிட்டான்.
பத்தரைக்குள் பதினான்கும் தீர்ந்தன.
பதினொன்றுக்குக் கைபேசியைக் கொடுத்தேன்,
பதினொன்றரைக்குப் பிடுங்கினேன்.
கொடுத்ததற்கு ஒரு சண்டை,
பிடுங்கியதற்கு ஓர் அழுகை.

பிறகு எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.
கம்பளத்தில் அவர்களுக்கு நடுவே மல்லாந்தேன்.
கூரையில் ஒரு நீர்க்கறை.
ரேடியேட்டர் தொண்டையைச் செருமியது.

"மேலே உனக்குப் போரடிக்காதா?"

கிரேனைக் கேட்கிறாள்.
அடிக்கும் என்றேன். நிறைய.
அறுபது மீட்டர் உயரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
சிமெண்ட் லாரி வராத கோடைப் பகல்களில்
கிரேனின் நிழல் கூரை கூரையாகத் தாண்டிப் போவதைப் பார்ப்பேன்.
ஒருமுறை அது ஒரு நாயின் முதுகில் ஏறியது.
"அப்புறம்?"
அப்புறம் நாய் எழுந்து போய்விட்டது.

இதில் அவளுக்கு என்ன கிடைத்ததோ தெரியாது.
எழுந்தாள். நாற்காலியைக் கதவுக்கு வெளியே இழுத்தாள்.
ஒன்பதாம் மாடிப் படிக்கட்டு;
கைப்பிடிகளுக்கு நடுவே தரைத்தளம் வரை
ஒரு சாண் அகல இருட்டு.
ஷூ நாடாக்கள், கொடிக்கயிறு,
சொல்மோனின் குளியல் அங்கி வார்,
செத்துப்போன சார்ஜரின் வயர், என் மப்ளர்.
முடிச்சுகளை நான் சோதிக்கக் கூடாதாம்.
நுனியில் ஒச்சிரின் காலுறை,
அதற்குள் கடைசி இரண்டு மிட்டாய்,
ஒரு சீட்டு:
"அங்கே யாருக்காவது போரடிக்குதா?"

ஓட்டுநர் மரல். சைகை காட்டுபவன் ஒச்சிர்.
மிச்சமிருந்த வேலை எனக்கு:
படியிறங்கி ஓடி, சுமை எங்கும் சிக்காமல் பார்ப்பது.
பதினெட்டு ஆண்டுகள் மேலிருந்து நான் அதட்டிய அத்தனை பேரும்
ஏழாம் மாடியில் என் மூச்சுக்குள் இரைத்தார்கள்.
"இடது! இன்னும் இடது! அப்பா, தூங்குறியா?"

ஐந்தில் ஏதோ ஒரு நாய் குரைத்தது.
நான்கில் ஒரு கதவு திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது.
மூன்றில் கயிறு தீர்ந்தது.

காலுறை தொங்கியது.
காத்திருந்தோம்.
காலையிலும் இதையேதான் செய்துகொண்டிருந்தோம்,
கயிறு மட்டும் இல்லை.

பேனா மை அப்பிய ஒரு சின்னக் கை
கம்பிகளுக்கு நடுவே வந்து எடுத்துக்கொண்டது.

மேலே இழுத்தபோது கனம் வேறு.
உள்ளே ஓர் ஆட்டுக் கணுக்கால் எலும்பு,
குதிரைப் பக்கத்துக்குச் சிவப்பு மை.
அதே சீட்டின் முதுகில்:
"மூணு நாளா. நான் தெல்கர்.
இன்னும் நீளமான காலுறை இல்லையா?"

ஆறு மணிக்கு சொல்மோன் வந்தாள்.
அங்கியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு
வீடு முழுக்க வாரைத் தேடினாள்.
மூவரும் கூரைக்கறையைப் பார்த்தோம்.

மறுநாள்.
"அப்பா, போரடிக்குது."
ஒன்பது இருபத்தைந்து.
நான் எழவில்லை.
பால்தேநீரில் உப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.
ரேடியேட்டர் குழாயில் யாரோ கீழிருந்து தட்டினார்கள்.
இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, ஒன்று.
ஒச்சிர் அதற்குள்
ஒரு காலுறையைக் கழற்றியிருந்தான்.