பதினோராவது புள்ளி

இரவு பத்தே கால்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடக்கிறது,
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது.
என் லேப்டாப்பும் திறக்கவில்லை.

பாஸ்வேர்டு தப்பு என்கிறது.
தப்பாக இருக்க வழியில்லை.
மகளின் பெயர், ஒரு வேலிக்குறி, அவள் பிறந்த வருஷம்.
பெற்றவள் மறப்பேனா?
பிரசவ வார்டு ஃபேனின் கடகடப்பு வரைக்கும்
இன்னும் காதில் இருக்கிறது.

மெதுவாக ஒருமுறை.
கோபமாக ஒருமுறை.
ஸ்டேஷன் ரைட்டர் மாதிரி
ஒற்றை விரலால் ஒருமுறை.
இன்னும் இரண்டு தடவை தப்பினால்
அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும், ஆபீஸ் விதி.
பன்னிரண்டுக்குள் ஒரு கன்டெய்னருக்குப் பேப்பர் ஏற்றவேண்டும்.
எண்ணூர் ரோட்டு வரிசையிலிருந்து டிரைவர்:
"யக்கா, இன்னாச்சு? டீ குட்ச்சே வயிறு ரொம்பிச்சு."

ஐடி ஆள் சர்வேஷ் போனில்:
"கிருபா மேடம், கேப்ஸ் லாக் பாருங்க."
பார்த்தேன். விளக்கு எரியவில்லை.
"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."
பண்ணினேன்.
"லாங்வேஜ் மாறியிருக்கும்."
இல்லை, அதே இங்கிலீஷ்தான்.
"அப்ப நீங்கதான் மறந்துட்டீங்க."
லைனை வைத்துவிட்டேன்.

கேட்டில் நின்று நின்றே வளர்ந்தவள் நான்,
கூட்ஸ் பெட்டிகளை எண்ணாமல் விடமாட்டேன்.
அதே பழக்கத்தில், எண்டரைத் தொடாமல்,
திரையின் புள்ளிகளை எண்ணினேன்.
தட்டியது பதினொன்று.
வந்தது பத்து.

மறுபடி. பத்து.

யாரோ ஒருத்தர் ஏறவில்லை.

யாரென்று புள்ளி சொல்லாது,
எல்லாருக்கும் ஒரே வட்டம்.
அழித்துவிட்டு ஒவ்வொருவராக ஆஜர் எடுத்தேன்.
முதல் எழுத்து: உள்ளேன்.
இரண்டாவது.
அழுத்தினேன். நகத்தால் அழுத்தினேன்.
பேனா மூடியால் குத்தினேன்.
கட்டம் வெறிச்சென்று கிடந்தது.

இஸட்.

எழிலி என்று இங்கிலீஷில் எழுத
இஸட்டும் ஹெச்சும் சேர்ந்தால்தான் ழ.
இத்தனை நேரமும் இது என் பிள்ளையை
எஹிலி, எஹிலி என்று
கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சிரித்துவிட்டேன்.
எங்கள் சந்திலும் அவள் எயிலிதான்.
"ஏய் எயிலி, மய வருது, உள்ள போ!"
ஏழாம் வகுப்பில் "வாயப்பயம்" என்று வாசித்ததற்கு
பெஞ்சின்மேல் ஏற்றி முப்பது தடவை சொல்லவைத்தார்கள்.
முப்பதாவது சரியாக வந்தது.
அதற்குள் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள்.
இந்த வேலைக்கு இன்டர்வியூ போன அன்றும்
பஸ் முழுக்க நாக்கை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே போனேன்.
அங்கே கேட்டது டைப்பிங் ஸ்பீடு மட்டும்.

கம்பெனி லேப்டாப்,
எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம்.
ழ-வை விட்டுவிட்டது.

திரையின் கீழ்மூலையில் ஒரு சின்ன ஆள்
கையை விரித்துக்கொண்டு நிற்கிறான்,
என்றைக்கும் அவனைத் தொட்டதில்லை.
தொட்டதும் திரைக்குள்ளேயே ஒரு கீபோர்டு எழுந்தது.
அந்த ஒன்றை மட்டும் மவுஸால் அதில் அமுக்கி,
மிச்சத்தை விரலால் தட்டி,
எண்ணி,
பதினொன்று.

திறந்துகொண்டது.

வறமிளகாய், நானூறு மூட்டை.
போகிற இடம் தான்சானியா.
அதற்குள்ளும் ஒரு இஸட்!
மறுபடி மவுஸ், மறுபடி அந்த ஆள்.
பதினொன்று ஐம்பதுக்கு ஏற்றி முடித்தேன்.
"லைன் நவுருது யக்கா" என்றான் டிரைவர்.

காலையில் லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினேன்.
மஞ்சளாக ஒரு பேஜோ துணுக்கு விழுந்தது.
அத்தோ பொட்டலத்தை இதன்மேல் வைத்துப் பிரித்தது யார்?
"நா இல்ல" என்றாள் எழிலி,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இஸட் இப்போது
மூன்று தடவைக்கு ஒருதரம் வருகிறது.
சர்வேஷிடம் சொல்லவில்லை.